மூளைத் தீவில் மடிப்புகள் எத்தனை?

கேள்வி: மூளையின் பக்கப் பிளவுக்குள் மறைந்திருக்கும் தீவு போன்ற பகுதியான இன்சுலாவில் ஐந்து மடிப்புகள் என்று பாடநூல் கூறுகிறது. செய்முறை வகுப்பில் நாங்கள் பார்த்த மூளையில் இடப்பக்கம் ஆறும் வலப்பக்கம் நான்கும் தெரிந்தன. எப்படிப் பெயரிடுவது? (மாணவி, திருகோணமலை)

பதில்: ஒரே மூளையின் இரு பக்கங்களும் வேறுபடுவது வழமையானதே. ஐந்து என்பது பெரும்பாலும் காணப்படும் அமைப்பு மட்டுமே என்பதால், முன்னாலிருந்து எண்ணிப் பெயரிடுவதைக் கைவிட்டு, நிலையான எல்லைகளை முதலில் கண்டுபிடியுங்கள்.

மூளையின் பக்கவாட்டிலுள்ள ஆழமான பக்கப் பிளவின் உதடுகளை மெல்ல விலக்கினால், 1809இல் ஜெர்மானிய மருத்துவர் ரைல் விவரித்த அந்தத் தீவு தெரியும். அதைச் சூழ்ந்த வட்டத் தவாளிப்பே (பள்ளமே) அதன் கரை. இடப்பக்கத்தின் ஆறில் ஒன்றைக் கீழ்க்கரைக்கு அப்பால், பின்புறமாகக் கண்டிருந்தால், அது கடைநுதற் சோணையின் (காதருகே உள்ள மூளைப் பகுதியின்) மேற்பரப்பிலுள்ள ஹெஷ்ல் மடிப்பாக இருக்கக்கூடும். மாணவர்கள் எளிதில் ஏமாறும் இடம் இது.

அடுத்து மையத் தவாளிப்பைத் தேடுங்கள். தீவின் தவாளிப்புகளுள் மிக ஆழமானதும் மாறாததுமான இது, மூளையின் வெளிப்பரப்பிலுள்ள மையப் பள்ளமான ரொலாண்டோ தவாளிப்பைப் போலவே மேலே பின்னிருந்து கீழே முன்னோக்கிச் சாய்ந்து செல்லும். இதற்கு முன்னுள்ளவை முன், நடு, பின் என்ற மூன்று குறுமடிப்புகள். பின்னுள்ளவை முன், பின் என்ற இரண்டு நெடுமடிப்புகள். குறுமடிப்புகள் பனையோலை விசிறியின் மடிப்புகளைப் போல மேலே விரிந்து கீழே ஒடுங்குகின்றன. ஆகையால் மேல் ஓரத்தில் கவடுபட்ட மடிப்பொன்று இரண்டாகத் தோன்றும். அதைக் கீழ்நோக்கித் தொடர்ந்து சென்று, அடியில் ஒன்றாகச் சேர்ந்தால் ஒன்றாகவே கொள்ளுங்கள். சிலரில் முன்புறத்தில் ஒரு துணைமடிப்பும் இருக்கும். அதை ஐந்தோடு சேர்க்காமல் தனியே குறிப்பிடுங்கள்.

வலப்பக்கத்தின் நான்கைப் பொறுத்தவரை, நான் முதலில் சந்தேகிப்பது நடுக் குறுமடிப்பைத்தான். அது பல மூளைகளில் வளர்ச்சி குன்றி, அயல் மடிப்புகளுக்கிடையே அமிழ்ந்திருக்கும். முன், பின் குறுமடிப்புகளை விரலால் சற்று விரித்துப் பாருங்கள். சிறிய மேடு தென்பட்டால், விடைத்தாளில் ‘நடுக் குறுமடிப்பு, வளர்ச்சி குன்றியது’ என்று குறியுங்கள். இரு நெடுமடிப்புகளும் ஒன்றிணைந்திருந்தால், ‘பிரியாத நெடுமடிப்பு’ என்றே எழுதலாம்.