பொமரேனியனுக்கு முழங்கால் சில்லு விலகுகிறது. எக்ஸ்ரே எடுத்த பிறகும் சிடி ஸ்கேன் தேவையா?

தேவைதான். நான்கு நிலைகளில் மூன்றாம் நிலை விலகல், எக்ஸ்ரேயில் தொடை எலும்பு வளைந்து தெரிகிறது, எலும்பை வெட்டி நேராக்க நேரலாம் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். வெட்டுவதற்கு முன் சிடி கேட்கும் மருத்துவரை நம்புங்கள். நானும் கால்நடை எலும்பு அறுவை செய்பவன்தான்.

நாயின் தொடை எலும்பு இயல்பிலேயே முன்பக்கம் லேசாக வில்போல் வளைந்தது. படம் எடுக்கும்போது கால் சற்றே வெளிப்புறம் திரும்பிவிட்டால் அந்த முன்வளைவு பக்கவளைவாகத் தெரியும். சில்லு விலகிய நாய்க்கோ தொடைத் தசை இறுகியிருக்கும். மயக்க மருந்து கொடுத்தாலும் கால் முழுதாக நீளாது, எலும்பு மேசையில் படியாது. அதாவது, எந்த நாய்க்குத் துல்லியமான அளவு வேண்டுமோ அந்த நாய்க்குத்தான் எக்ஸ்ரே அதிகம் பிசகும்.

நாங்கள் முக்கியமாகப் பார்ப்பது, தொடை எலும்பின் நடு அச்சும் அதன் கீழ்முனைக் குமிழ்கள் இரண்டையும் தொட்டுச் செல்லும் கோடும் வெளிப்புறத்தில் உண்டாக்கும் கோணம். இனத்துக்கு இனம் மாறினாலும், 102 டிகிரியைத் தாண்டினால் பலரும் எலும்பை வெட்டுவது பற்றி யோசிப்பார்கள். என்னிடம் வந்த ஒரு சிறிய இன நாய்க்கு எக்ஸ்ரேயில் 107 வந்தது. சிடி முப்பரிமாணப் படத்தில் எலும்பைத் திருப்பி நேராக நிறுத்தி அளந்தால் 98! வெட்டவில்லை. சில்லு ஓடும் பள்ளத்தை ஆழமாக்கி, சில்லின் தசைநார் பிடித்திருக்கும் கீழ்க்கால் எலும்பு மேட்டை வெளிப்புறம் நகர்த்தியதே போதுமாக இருந்தது. எக்ஸ்ரேயை மட்டும் நம்பியிருந்தால் நல்ல எலும்பை வெட்டியிருப்பேனே என்று இன்றும் மனம் பதறுகிறது.

தொடை எலும்பின் முறுக்கையும் சிடியில் நன்றாக அளக்கலாம். இடுப்புப் பக்கத்தில் உள்ள எலும்பின் கழுத்துப் பகுதியையும் முழங்கால் குமிழ்ப் பகுதியையும் குறுக்குவெட்டுப் படங்களாக ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் இரண்டுக்கும் இடையிலான கோணம் கிடைத்துவிடும்.

ஆனால் புள்ளிகளைக் குறிப்பது மனிதக் கைதான். ஒரே படத்தை வேறொரு நாளில் மறுபடி அளந்து, இரண்டும் ஒத்துவந்தால்தான் நான் அறுவைத் திட்டம் போடுவேன்.

முதல் நிலை விலகலுக்கு இவ்வளவு தேவையில்லை.

ஸ்கேன் மையத்தில் இடுப்பு முதல் குதிமூட்டு வரை, இரண்டு கால்களையும், 1 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மெல்லிய துண்டுகளாக எடுக்கச் சொல்லுங்கள். பிலிம் மட்டும் போதாது. டைகாம் கோப்புகளை (ஸ்கேன் படங்களின் கணினிக் கோப்புகள்) குறுந்தகட்டில் வாங்கிவாருங்கள். அவை இல்லாமல் எதையும் திருப்பி அளக்க முடியாது.