தேங்காயெண்ணெய் பூசலாமா?

ஐயா,

எங்கட அப்பப்பா திருகோணமலை டொக்யார்ட்டில் கிளார்க்காக இருந்தவர். 1957இல் பிரிட்டிஷ் கடற்படை போனபோது ஒரு அதிகாரி ஆறு தோல்கட்டுப் புத்தகங்களைக் கொடுத்துவிட்டுப் போனாராம். முதுகு முழுக்கத் தங்கப் பூவேலை. இப்போது தொட்டால் செங்கல் பொடி மாதிரிக் கையில் ஒட்டுகிறது. தேங்காயெண்ணெய் பூசினால் சரிவரும் என்கிறார் மாமா. பூசலாமா? விற்றால் நல்ல காசு வருமா?

ஒரு வாசகன், உப்புவெளி

தம்பி,

பூச வேண்டாம். மாமா போத்தலோடு நிற்பார் என்பதால் இதை முதலில் சொல்கிறேன். நானும் ஒருகாலம் பூசினவன்தான். மாரி தொடங்கத் தோலெல்லாம் பச்சைப் பூஞ்சணம். எண்ணெய் அட்டைக்குள் இறங்கி, முதல் பத்துப் பக்கமும் வடை சுற்றின கடதாசி மாதிரி ஆகிவிட்டன.

அந்தச் செம்பொடியை பைண்டிங்காரர் 'ரெட் ரொட்' என்பார்கள். அமிலம் ஊறித் தோலின் நாரே அறுந்த நிலை அது. அறுந்த நாரை எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதித் தோல்கள் ஏன் இப்படிச் சீக்கிரம் உதிர்கின்றன என்று ஆராய, 1900இல் லண்டன் கலைச் சங்கம் ஒரு குழு வைத்தது. அகப்பட்ட குற்றவாளிகளில் ஒன்று, சிரிக்காதீர்கள், நம்மட ஆவரசு! சென்னைப் பக்கத்தில் ஆவாரம் பட்டையால் பதனிட்டுக் கப்பலேறிய ஆட்டுத்தோல், நிலக்கரிப் புகையும் கேஸ் விளக்கும் விட்ட கந்தகத்துக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. சுமாக் என்ற செடியின் இலையில் பதனிட்ட தோல் நின்றுபிடித்தது. உங்களுடையது எந்தத் தோல் என்று இங்கிருந்து சொல்ல ஏலாது.

தங்க வேலையை ஒருக்கால் பூதக்கண்ணாடியால் பாருங்கள். முட்டை வெள்ளைக்கருவைத் தோலில் தடவி, மூச்சுப்பட்டாலே பறக்கும் தங்கத்தாளை மேலே விரித்து, சூடாக்கிய பித்தளை அச்சை அழுத்துவார்கள். சூடு பட்ட இடத்தில் மட்டும் தங்கம் பிடிக்கும், மிச்சத்தைத் துடைத்துவிடலாம். கைவேலை என்றால் ஒரே பூ ஓரிடத்தில் கொஞ்சம் சரிந்தும், இன்னோரிடத்தில் ஆழமாகவும் இருக்கும். எல்லாம் அச்சொட்டாக ஒன்றுபோல் இருந்தால் மெஷினில் ஒரே அழுத்தாக அடித்தது. எனக்கு அந்தச் சரிந்த பூவில்தான் ஆசை.

அலுமாரியிலிருந்து எடுக்கும்போது முதுகின் மேல்நுனியில் விரல் கொழுவி இழுக்காதீர்கள், முதலில் கிழிவது அதுதான். இரு பக்கத்துப் புத்தகங்களையும் உள்ளே தள்ளி, நடுவில் பிடித்து எடுங்கள். கஞ்சி போடாத வெள்ளைப் பருத்தித் துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றுங்கள். மழைச் சாரல் அடிக்கிற சுவரோடு அலுமாரியை ஒட்டி வைக்க வேண்டாம்.

காசு விசயம். முதுகு, பூ, பொடி எல்லாம் எழுதியவர், உள்ளே என்ன புத்தகம் என்று எழுதவேயில்லையே! நம் கொட்டியாரத்தில் 1660இல் பிடிபட்ட ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ் இலங்கையைப் பற்றி எழுதிய நூல், 1681இல் வந்த முதற்பதிப்பு என்றால், தோல் உதிர்ந்தாலும் ஆள் தேடி வரும். பழைய பிரசங்கத் தொகுதி என்றால் ஹோட்டல் வரவேற்பறைக்கு அழகுக்கு வைக்க யாராவது கேட்கலாம், அவ்வளவுதான்.

தலைப்புப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புங்கள். முன்தாளில் அந்த அதிகாரி ஏதும் எழுதியிருந்தால் அதையும்.