ஜனவரியில் பார்த்தது அனுமன் உப்புக்கொத்தியா?

கேள்வி: பொங்கல் லீவில் தனுஷ்கோடி போயிருந்தோம். கூட வந்த கைடு ஒரு சின்னப் பறவையைக் காட்டி, "இதுதான் அனுமன் உப்புக்கொத்தி" என்றார். வீட்டுக்கு வந்து படத்தை ஆப்பில் போட்டால், கென்டிஷ் உப்புக்கொத்தி என்கிறது. யாரை நம்புவது?

பதில்: இந்த முறை ஆப்பை நம்பலாம். நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அலகின் அடியிலிருந்து கண் வரை ஒரு பழுப்புத் தீற்றல் ஓடுகிறது. அனுமனுக்கு அந்த இடம் வெள்ளையாக இருக்கும். கென்டிஷைவிட அனுமனின் உருவமும் அலகும் இறக்கையும் கொஞ்சம் சிறியவை. ஆனால் தனியாக நிற்கும் பறவையில் அதை அளக்க முடியாது, விட்டுவிடுங்கள்.

சரி, முகம் வெள்ளை என்றாலே அனுமனா? இல்லை. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் கென்டிஷ் ஆணுக்கே, அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே இருக்கும் கருங்கோடு வெளுத்துவிடும். பெட்டைக்கும் இளம்பறவைக்கும் அது முதலிலேயே மங்கல்தான். போதாததற்கு, அந்த மாதங்களில் இரண்டு இனமும் ஒரே சேற்றில் மேயும். அதனால் ஜனவரியில் வெள்ளை முகத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

அனுமன் உப்புக்கொத்தி 1915-லேயே அறிவியல் பெயர் பெற்ற பறவை. அப்புறம் கென்டிஷோடு சேர்த்துவிட்டார்கள். இரண்டும் பிரிந்து சுமார் 12 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன என்று மரபணு ஆய்வு காட்டி, 2023-ல்தான் தனி இனம் ஆனது. கடைகளில் கிடைக்கும் பல கையேடுகளில் இன்னும் பழைய கதைதான். காசு கொடுத்து வாங்குகிறவர் என்ன செய்வார்?

கைடு விஷயத்துக்கு வருகிறேன். பெயர் பிரபலமானதிலிருந்து "அனுமன் காட்டுகிறேன்" என்று தனிக் காசு கேட்கிறவர்கள் கிளம்பிவிட்டார்கள். பெயரைத் தப்பாகச் சொன்னால் போகட்டும். கூட்டைக் காட்டுகிறேன் என்று மணலில் ஜீப்பை இறக்குகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கூடு என்பது மணலில் ஒரு கையளவு குழி, சுற்றிச் சில சிப்பித் துண்டுகள். முட்டையும் மணல் நிறம். டயர் ஏறினால் ஓட்டுபவருக்கே தெரியாது. நடுப்பகலில் தாயைக் கூட்டிலிருந்து விரட்டினால் வெயிலில் முட்டை வெந்துவிடலாம். கூடு வைக்கும் மாதங்களிலாவது நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டுங்கள் என்று எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது.

உறுதியாகப் பார்க்க வேண்டுமானால் ஜூனில் போங்கள். வலசை வந்தவை திரும்பியிருக்கும். அப்போது அங்கே ஜோடியாகத் திரிவது அனுமன்தான். தார்ச்சாலையை விட்டு இறங்காமல் பைனாகுலரில் பாருங்கள். கூடு காட்டுகிறேன் என்று யாராவது வந்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.