ஃபேக்டரி லைன்ல தப்பு நடக்குதா? கேளுங்க, சொல்றேன் (ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்து ஆளுங்களுக்கு)

கேள்வி (ஓசூர் சிப்காட், அசெம்ப்ளி சூப்பர்வைசர்): அண்ணா, எஸ்ஓபி (வேலைய எப்படி செய்யணும்னு எழுதின பேப்பர்) மெஷின்லயே ஒட்டிருக்கு, ட்ரெயினிங்கும் ரெண்டு தடவ குடுத்தாச்சு, ஆனாலும் வாஷர் போடாம பீஸ் போயிடுது. மெமோ குடுக்கலாமா?

பதில்: வேணாம் தம்பி. மெமோ குடுத்தா அடுத்த தடவ தப்பு நடந்தா வெளிய சொல்லமாட்டாங்க, அவ்ளோதான். தெரியாம செய்யறது வேற, மறந்து போறது வேற. தெரியாதவனுக்குத்தான் ட்ரெயினிங், மறக்கறவனுக்கு வேலை செய்யற முறையையே மாத்தணும். 1961-ல ஜப்பான்ல ஷிங்கோன்னு ஒரு இன்ஜினியர், ஸ்விட்ச்ல ரெண்டு ஸ்பிரிங்ல ஒண்ண ஆளுங்க அடிக்கடி விட்டுட்டாங்கன்னு, முதல்ல ரெண்டையும் ஒரு தட்டுல எடுத்து வச்சுட்டு அப்புறம் மாட்டச் சொன்னாரு, தட்டுல மீதி இருந்தா அப்பவே தெரிஞ்சிடும்ல. இதத்தான் போக்கா யோக்கேன்னு சொல்றாங்க. உங்க வாஷருக்கும் அதே போதும், ஒரு பீஸுக்கு வேண்டியத மட்டும் தட்டுல வைங்க.

கேள்வி (கிருஷ்ணகிரி, மாங்கூழ் ஃபேக்டரி, தரம் பாக்கற க்யூசி): சார், சீசனுக்கு மட்டும் புது ஆளுங்க வராங்க, வெளிய லோடு லாரி நிக்குது, எங்க சார் சொல்லிக் குடுக்கறது?

பதில்: எல்லாத்தையும் சொல்லிக் குடுக்காதீங்கம்மா, ஒரு ஆளுக்கு முதல்ல ஒரே வேலை. நீங்க செஞ்சு காட்டுங்க, ஏன்னு சொல்லுங்க, அப்புறம் அவங்கள செய்ய விட்டு அவங்க வாயாலயே ஏன்னு சொல்லச் சொல்லுங்க, அதுக்கப்புறமும் நடுநடுவுல போய் பாருங்க. பிரிக்ஸ் (கூழுல சர்க்கரை அளவு) பாக்கறதையே எடுத்துக்கோங்க, மீட்டர் கண்ணாடிய தொடைங்கன்னு மட்டும் சொன்னா அவசரத்துல விட்டுடுவாங்க, முந்தின சாம்பிள் ஒட்டிட்டிருந்தா ரீடிங்கே தப்பா வரும்னு சொன்னா தொடைப்பாங்க. டிஸ்டில்டு வாட்டர் வச்சு மீட்டர் ஜீரோ காட்டுதான்னு பாக்கறதும் அப்படித்தான்.

கேள்வி (தர்மபுரி): எங்க எஸ்ஓபி 12 பக்கம், எல்லாம் இங்கிலீஷ்ல. பாதி பேரு ஒடிசா, பீகார்.

பதில்: அது ஃபேக்டரிய சோதிக்க வர்ற ஆடிட்டருக்கு எழுதினது, ஆபரேட்டருக்கு இல்ல. எனக்கு இதுலதான் ரொம்ப வருத்தம். மெஷின் கிட்ட நின்னு, ஓட்டறவரையே கேட்டு எழுதுங்க. ஒரே பக்கம், சரியான பீஸ் தப்பான பீஸ் போட்டோ பக்கத்துல பக்கத்துல, கீழ தமிழ்லயும் இந்தியிலயும் ரெண்டு வரி. மாத்தி எழுதினா பழைய பேப்பர கிழிச்சிடுங்க, ரெண்டும் தொங்குச்சுன்னா எது சரின்னு யாருக்கும் தெரியாது.

கேள்வி: ஷிப்ட் மாறுற நேரத்துலதான் ரிஜெக்‌ஷன் ஜாஸ்தி ஆகுது ணா.

பதில்: கேட்ல பாத்து பேசிக்கிட்டா போதாது. மெஷின் முன்னாடி ரெண்டு பேரும் நின்னு, டூல் எப்ப மாத்தினது, எந்த பீஸ் பாதில நிக்குதுன்னு நோட்டுல எழுதி கைமாத்தணும், முதல் பீஸ அளந்து ஓகே ஆனப்புறம்தான் லைன் ஓடணும்.