ஓடிபி சொல்லாவிட்டால் பணம் போகாதா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. மானியம் வாங்கித் தருவதாக ஃபேஸ்புக் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். நம்பி, கமெண்டிலேயே ஆதாரையும் பாஸ்புக் முதல் பக்கத்தையும் போட்டுவிட்டேன். மறுநாள் அழித்தேன். ஓடிபி சொல்லாதவரை பயமில்லை என்கிறான் மகன். சரிதானா?

பதில்: பாதிதான் சரி. நீங்கள் அழிப்பதற்குள் யாரோ அந்தப் படங்களை எடுத்து வைத்துவிட்டார்கள் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை. இந்த மூன்றும் இருந்தால் வங்கி முகவரின் கைரேகை மெஷினில் ஓடிபி இல்லாமலே ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். முதல் இரண்டும் இப்போது வெளியே போய்விட்டன. மூன்றாவது எங்கே கிடைக்கும் என்கிறீர்களா? பதிவான பத்திரங்களில் இருந்த ரேகையைப் பிரதி எடுத்துப் பணம் எடுத்ததாக 2023-ல் கர்நாடகத்தில் வழக்குகளே வந்தன. உங்களிடமும் பத்திரம் இருக்கும்.

அதனால் இன்றைக்கே ஆதார் இணையதளத்தில் நுழைந்து பயோமெட்ரிக்கை, அதாவது கைரேகை போன்ற உடல் அடையாளங்களைப் பூட்டுங்கள். காசு கிடையாது. பூட்டியபின் ரேஷன் கடையில் விரல் வைத்தால் ஏற்காது, பதற வேண்டாம். போகும் முன் தற்காலிகமாகத் திறந்தால் போதும், சில நிமிடத்தில் தானாகவே பூட்டிக்கொள்ளும். கடையில் சிக்னல் கிடைக்காது என்றால் சிக்னல் உள்ள இடத்தில் திறந்துவிட்டு உடனே போய்விடுங்கள். வரிசை நீளமாக இருந்தால் உங்கள் முறை நெருங்கும்போது மகனைத் திறக்கச் சொல்லுங்கள். ஓடிபி வரும் போன் அவனிடம் இருக்க வேண்டும்.

பூட்டுவதற்கு ஆதாரோடு மொபைல் எண் இணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஆதார் மையத்துக்கே போங்கள்; கட்டணம் நூறு ரூபாய்க்குள்தான். "நானே முடித்துத் தருகிறேன், ஆதார் படத்தை வாட்ஸப்பில் அனுப்புங்க" என்று பஜாரில் சொல்பவரிடம் மட்டும் போகாதீர்கள். ஒரு படத்தால் வந்த வினைக்கு இன்னொரு படமா? மானியம் வேண்டுமானால் தேயிலை வாரிய அலுவலகத்திலோ தோட்டக்கலைத் துறையிலோ நேரில் கேளுங்கள். கமெண்டில் ஆதார் கேட்டு எந்த அரசும் மானியம் தராது.

கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரையும் அதே தளத்தில் எடுக்கலாம். ஆனால் அதைக் கொடுத்தால் பல அலுவலகங்களில் "முழுசா கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்புகிறார்கள். அரசே கொடுத்த வசதியை அலுவலகங்களே ஏற்காவிட்டால் ஜனங்கள் என்னதான் செய்வார்கள்?

வங்கியில் சொல்லி ஆதார் வழிப் பணமெடுப்பை நிறுத்தச் சொல்லுங்கள். இலைப் பணம் ஏறும் நாளில் கணக்கில் உள்ள இருப்பைப் பாருங்கள். குறைந்திருந்தால் யாரிடமும் யோசனை கேட்டு நேரத்தை விடாமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.