மனதைத் தொடும் காதல் நகைச்சுவைப் படங்களை விமர்சகர்கள் எப்படி மதிப்பிடுகிறார்கள்?

பார்த்தவர்கள் எல்லாம் நெகிழ்ந்துபோய்ப் பேசும் காதல் நகைச்சுவைப் படத்துக்கு விமர்சகர்கள் மட்டும் ஏன் சுமாரான மதிப்பெண் தருகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்பதுதான் அவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை. ஆனால், இருவரும் கடைசியில் சேர்வார்கள் என்பது இவ்வகைப் படங்களில் முதல் காட்சியிலேயே பார்வையாளர் ஒப்புக்கொண்டுவிடும் விஷயம் என்பதால், அதைக் குறையாக எண்ணுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நல்ல விமர்சகர் கவனிப்பது, இருவருக்கும் இடையிலுள்ள தடை உண்மையானதா, அல்லது ஒரு வார்த்தை பேசினால் தீர்ந்துவிடும் தவறான புரிதலா என்பதைத்தான். 1934இல் ஃபிராங்க் காப்ரா இயக்கிய ‘இட் ஹேப்பன்ட் ஒன் நைட்’ படத்தில், ஒரே அறையில் தங்க நேர்ந்த இருவருக்கும் நடுவே நாயகன் கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிடுகிறார். கூச்சம், கண்ணியம், ஈர்ப்பு மூன்றையும் அந்தத் துணியே சொல்லிவிடுகிறது. சிறந்த படம், இயக்கம், நடிகர், நடிகை, திரைக்கதை என 5 முக்கிய ஆஸ்கர் விருதுகளையும் அது வென்றது. ஆகவே இந்த வகையையே விமர்சன உலகம் ஒதுக்குகிறது என்று சொல்லிவிட முடியாது.

மதிப்பெண்ணைப் புரிந்துகொள்வதிலும் கவனம் வேண்டும். பட விமர்சனங்களைத் திரட்டித் தரும் ராட்டன் டொமேட்டோஸ் என்ற இணையதளத்தில் விமர்சகர்களுக்கான சதவீதம் படத்தின் தரத்துக்கான மார்க் அல்ல, சாதகமாக எழுதியவர்களின் விகிதம் மட்டுமே. எல்லோரும் ‘பரவாயில்லை’ என்று முடித்துக்கொண்ட படம் 90ஐத் தாண்டலாம். பாதிப் பேர் மனதாரக் கொண்டாடி, மீதிப் பேர் நிராகரித்த படமோ 50இல் நின்றுவிடும். உணர்ச்சியை நம்பி நிற்கும் படம் இந்த இரண்டாவது நிலையில் சிக்கிக்கொள்ள வாய்ப்புண்டு என்பதால், சதவீதத்தை விட்டுவிட்டு, படத்தை விரும்பிய ஒருவரின் விமர்சனத்தையும் விரும்பாத ஒருவரின் விமர்சனத்தையும் முழுமையாகப் படியுங்கள்.