அறைந்தவன் சீனியர் என்றாலும் அது குற்றம்தான்

கேள்வி: என் மகன் கோலாலம்பூரில் ஓர் உயர்கல்வி நிலையத்தில் முதலாண்டு படிக்கிறான். விடுதியில் சீனியர்கள் நள்ளிரவில் எழுப்பி வரிசையாக நிற்க வைக்கிறார்களாம். அவர்கள் துணியைத் துவைக்க வேண்டுமாம். போன வாரம் கன்னத்தில் அறைந்திருக்கிறார்கள். விடுதிப் பொறுப்பாளரோ, "நாங்களே பேசித் தீர்க்கிறோம், போலீசுக்குப் போனால் பையன் படிப்புதான் கெடும்" என்கிறார். சக மாணவனைக் கொன்ற சுங்கை பீசி வழக்கில் தூக்கே ரத்தாகிவிட்டது. சட்டம் இருந்து என்ன பயன்?
- ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: முதலில் மகனை அழைத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போங்கள், அம்மா. மற்றதை அப்புறம் படிக்கலாம். கோலாலம்பூரில்தான் புகார் கொடுக்க வேண்டும் என்பதில்லை, பட்டர்வொர்த்திலேயே கொடுக்கலாம். கையோடு அரசாங்க மருத்துவமனையிலும் காட்டி, அறை வாங்கியதைப் பதிவு செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த மிரட்டல் எதையும் அழிக்க வேண்டாம்.

கன்னத்தில் அறைவது தண்டனைச் சட்டம் 323-ஆம் பிரிவின் கீழ் குற்றம். ஓராண்டு வரை சிறை, 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். மிரட்டியும் இழிவாகப் பேசியும் ஒருவரை வதைப்பதற்கு, 2025 ஜூலை 11 முதல் 507B பிரிவு வந்திருக்கிறது. மூன்றாண்டு வரை சிறை. அது சும்மா வந்துவிடவில்லை. 2024 ஜூலையில் டிக்டாக்கில் வசைபாடப்பட்ட நம் தமிழ்ப்பெண் ஒருவர் கோலாலம்பூரில் உயிரை இழந்தார். வசைபாடியவர்களில் ஒருவருக்குக் கிடைத்த தண்டனை 100 ரிங்கிட் அபராதம். அந்த நூறு வெள்ளியைக் கண்டு நாடே கொதித்தது. அதன் பிறகுதான் சட்டத்தைத் திருத்தினார்கள்.

சரி, தூக்குக்கு வருகிறேன். 2017 மே மாதம் சுங்கை பீசியில் உள்ள தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்தில், மடிக்கணினியைத் திருடினான் என்று சொல்லி ஒரு பயிற்சி மாணவனைச் சக மாணவர்களே நீராவி இஸ்திரிப் பெட்டியால் சுட்டார்கள். உடலில் 90 தீக்காயங்கள். ஜூன் 1-ஆம் தேதி செர்டாங் மருத்துவமனையில் இறந்தான். ஆறு பேருக்கு உயர்நீதிமன்றம் 18 ஆண்டு சிறை விதித்தது. 2024 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தூக்காக்கியது. 2025 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் மறுபடி 18 ஆண்டுக்கே கொண்டு வந்தது. உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தூக்கு என்று தீர்ப்பு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதே பல்கலைக்கழகத்தில் ஒரு சீனியர் முள் பதித்த பூட்ஸால் ஜூனியரை மிதித்தார் என்று வழக்கு வந்தது. மிதிபட்டவனுக்கு விலா எலும்பு முறிவு. தூக்குக்கயிறு யாரையும் தடுக்கவில்லை.

2017-இல் அடி விழுந்ததற்கும் உயிர் போனதற்கும் இடையே ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. அத்தனை நாளில் யாராவது ஒருவர் பெற்றோருக்குப் போன் போட்டிருந்தால்? எனக்கு நெஞ்சு பொறுக்காத இடம் இதுதான். உங்கள் விடுதிப் பொறுப்பாளர் இன்று செய்வதும் வாயை அடைக்கும் வேலைதான்.

தமிழ்நாட்டில் 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் ராகிங் தடுப்புச் சட்டம் வந்தது. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைவரையும் குற்றத்துக்கு உடந்தையானவராகவே அது கருதுகிறது. மலேசியாவிலும் இப்படி ஒரு பிரிவு கட்டாயம் வேண்டும், பல்கலைக்கழகமும் பொறுப்பு என்று அதில் வெளிப்படையாகவே எழுத வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைக் கேட்கட்டும்.

அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு 1971-ஆம் ஆண்டுச் சட்டமும் தனியார் கல்லூரிகளுக்கு 1996-ஆம் ஆண்டுச் சட்டமும் ஒழுங்கு நடவடிக்கைக்கு அதிகாரம் தருகின்றன. அந்த விசாரணை நடக்கட்டும், அது பாட்டுக்கு நடக்கட்டும். போலீஸ் புகாரை நிறுத்தி வைக்கும் அதிகாரம் எந்த விடுதிக்கும் கிடையாது. "போலீசுக்குப் போக வேண்டாம்" என்று சொன்னாரே, அதைக் கையெழுத்துப் போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். தர மாட்டார். புகார் எண் கிடைத்ததும் அதன் நகலை அவர் மேசையிலும் துணைவேந்தர் அலுவலகத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிடுங்கள். விசாரணை அதிகாரியை வாராவாரம் கூப்பிட்டுக் கேளுங்கள். அதுவரை மகனை அந்த விடுதியில் இரவு தங்க விடாதீர்கள்.